"பெரியவீட்டுச் சொந்தங்கள்" குழு: செவ்வாய் இரவு

செல்வி: யாராவது விழித்திருக்கீங்களா? இவர் சுவரைப் பார்த்துத் தக்காளிப் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

லட்சுமி: என்னது? சேகரா?

செல்வி: மண்டியில் எண்ணுகிற மாதிரியே. நாற்பத்திரண்டு, நாற்பத்திமூன்று என்று. சுவரில் எறும்பு ஊர்கிறதாம், துண்டால் தட்டுகிறார். எறும்பே இல்லை மதினி. கை நடுங்குகிறது. வேர்த்து வேட்டியெல்லாம் நனைந்துவிட்டது. என்னைப் பார்த்து "நீ யார், எந்த ஊர் யாவாரி" என்று கேட்கிறார்.

முருகேசன்: சாமியே சரணம் ஐயப்பா. கன்னிச்சாமிக்கு இப்படிச் சோதனை வரத்தான் செய்யும். விபூதி பூசிப் படுக்க வைங்க. காலையில் நான் வருகிறேன்.

பிரபு: பெட்டி என்ன விலைக்குப் போகுது அத்தை?

லட்சுமி: பிரபு, வாயை மூடு.

ராஜாமணி: *பலமுறை பகிரப்பட்டது* குடியை அடியோடு மறக்கடிக்கும் அற்புத மூலிகைப் பொடி!! சாம்பாரில் கலந்து கொடுங்கள். குடிப்பவருக்கே தெரியாது!! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

ராஜாமணி: இது நல்லதாம்.

கவிதா: அப்பா, முதலில் அதை அழிங்க. சித்தி, சித்தப்பா கடைசியாக எப்போது குடித்தார்?

செல்வி: சனி ராத்திரி. ஞாயிறு விடியற்காலை மாலை போட்டார். அதற்கப்புறம் ஒரு சொட்டு கிடையாது. சத்தியமாக.

கவிதா: அதற்கு முன்னால் தினமும் எவ்வளவு?

பிரபு: அத்தை டைப் பண்ணுகிறார் டைப் பண்ணுகிறார் என்றே காட்டுது

செல்வி: இரண்டு குவார்ட்டர். வரத்து அதிகமான நாளில் மூன்று.

லட்சுமி: மூன்றா! என்னிடம் ஒன்று என்றாயே.

ராஜாமணி: எல்லாரும் பார்த்து எழுதுங்க. சேகரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறான்.

செல்வி: அவர் போன் என் கையில்தான் இருக்கிறது மாமா.

கவிதா: சித்தி, இது காத்து கருப்பும் இல்லை, சாமியும் இல்லை. வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் உடம்பு இப்படித்தான் திருப்பி அடிக்கும். சாராயம் மூளையை அடக்கி வைக்கும். மூளையும் சும்மா இருக்காது, அதை எதிர்த்துத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். வடம் இழுக்கும்போது ஒரு பக்கத்துக்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டால் எதிர்ப் பக்கம் என்ன ஆகும்? அதுதான் இப்போது நடக்கிறது. நிறுத்திய ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து, காய்ச்சலும் படபடப்புமாக வருவதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வார்டில் டி.டி. என்போம். கொத்தனார் என்றால் கட்டிலில் உட்கார்ந்து செங்கல் அடுக்குவார், டிரைவர் என்றால் ஸ்டியரிங் பிடிப்பார். சித்தப்பா பெட்டி எண்ணுகிறார். வைத்தியம் இல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. நேரத்துக்குக் கொண்டுபோனால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம். 108க்கு இப்போதே போன் போடுங்க.

பிரபு: படித்து முடிக்கிறதுக்குள் விடிந்துவிடும் போல

லட்சுமி: நீ படிக்காதே, போய்த் தூங்கு.

முருகேசன்: நல்ல காரியத்துக்காகக் குடியை விட்டான். அதுதான் தப்பு என்கிறாயா கவிதா?

கவிதா: விட்டது தப்பே இல்லை மாமா. டாக்டர் இல்லாமல் விட்டதுதான் ஆபத்து. ஒவ்வொரு கார்த்திகைக்கும் எங்கள் வார்டுக்கு இப்படிக் கறுப்பு வேட்டியோடு ஆட்கள் வருகிறார்கள். மாலை போடுவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்திருந்தால் மாத்திரையோடு நிம்மதியாக விட்டிருக்கலாம்.

முருகேசன்: நான் யாரையும் கட்டாயப்படுத்தி மாலை போடச் சொல்லவில்லை.

ராஜாமணி: தோட்டத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போதும் மாப்பிள்ளை இதையேதான் சொன்னார்.

லட்சுமி: அண்ணே, இப்போது அது தேவையா?

பிரபு: ஒரு கட்டிங் ஊற்றினால் நடுக்கம் நின்றுவிடும் என்பார்களே. ஊரடங்கில் கேரளாவில் டாக்டர் சீட்டுக்கு சரக்கு தருகிறோம் என்று அரசாங்கமே சொன்னதே.

கவிதா: சொன்னார்கள். 2020 மார்ச் கடைசியில் உத்தரவு, ஏப்ரல் 2ஆம் தேதி ஹைகோர்ட் தடை. டாக்டர்களே எங்களால் அப்படி எழுத முடியாது என்றார்கள். நினைவு தடுமாறுகிற ஆள் வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். அதைவிட நல்ல மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

லட்சுமி: ஊரடங்கு என்றதும் ஞாபகம் வருகிறது. அப்போது டாஸ்மாக் மூடியதும் சேகர் வாசலில் விழுந்து கை கால் இழுத்ததே? சுகர் குறைந்துவிட்டது என்று சொன்னீர்களே செல்வி?

செல்வி: நீங்கள்தானே மதினி அப்படிச் சொல்லச் சொன்னீங்க. பிரபுவுக்குப் பெண் பார்க்கிற நேரம் என்று.

பிரபு: ஆஹா

லட்சுமி: அதையெல்லாம் குழுவில் போடுவாயா?

கவிதா: சித்தி, இது முக்கியம். ஏற்கெனவே ஃபிட்ஸ் வந்தவருக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். குடித்து, நிறுத்தி, திரும்பக் குடித்து, திரும்ப நிறுத்தினால் ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட மோசமாகத்தான் வரும். டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்க. குவார்ட்டர் கணக்கையும்.

செல்வி: அத்தை தூக்க மாத்திரை டப்பாவோடு வந்து நிற்கிறார். பாதி கொடுக்கலாமா?

கவிதா: வேண்டாம் வேண்டாம். ஆஸ்பத்திரியில் கொடுக்கப் போவதும் கிட்டத்தட்ட அந்தக் குடும்பத்து மருந்துதான், லோராசெபாமோ டயஸெபாமோ. ஆனால் மூச்சையும் பிரஷரையும் பார்த்துக்கொண்டே அளவு கூட்டிக் குறைத்துக் கொடுப்பார்கள். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற விஷயம் இல்லை. இன்னொன்று, அப்பத்தாவும் அந்த மாத்திரையை நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அதிலும் ஃபிட்ஸ் வரும்.

ராஜாமணி: அம்மா எதற்குத் தூக்க மாத்திரை சாப்பிடுகிறார்? எனக்கு யாரும் சொல்லவே இல்லை.

லட்சுமி: போன் பண்ணினால்தானே அண்ணே தெரியும்.

செல்வி: 108 வருகிறதாம். அரை மணி ஆகும் என்கிறார்கள்.

கவிதா: நல்லது. அதுவரை விளக்கை அணைக்காதீங்க, இருட்டில் பயம் கூடும். கட்டிப்போட வேண்டாம். "எறும்பு இல்லை" என்று சண்டை போடாமல், யார் நீங்கள், எந்த இடம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருங்க. ஃபிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைங்க. வாயில் எதுவும் திணிக்காதீங்க. கையில் சாவிக்கொத்து வேண்டவே வேண்டாம்.

ராஜாமணி: சாவி கொடுத்தால் நிற்குமே?

கவிதா: அது தானாகவே ஒன்றிரண்டு நிமிடத்தில் நிற்கும் அப்பா. பெயர் சாவிக்குப் போய்விடுகிறது.

முருகேசன்: பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் தெம்பு வந்துவிடாதா? திண்டுக்கல் வரைக்கும் எதற்கு?

கவிதா: அதுதான் கூடாது மாமா. குடிக்கிறவர்கள் உடம்பில் பி1 சத்து, தயமின், வற்றிக் கிடக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதித்து நடை தள்ளாடும், கண் நிலைகொள்ளாது, ஞாபகம் நிரந்தரமாகவே போய்விடலாம். தயமின் ஊசி போட்டு, அப்புறம்தான் குளுக்கோஸ். பெரிய ஆஸ்பத்திரி, கேஷுவாலிட்டி, நேராக.

தினேஷ்: இப்போதுதான் பார்த்தேன். அம்மா ஏன் எனக்குப் போன் பண்ணவில்லை? கோயம்புத்தூரிலிருந்து கிளம்புகிறேன்.

லட்சுமி: ராத்திரியில் பைக்கில் வராதே. பஸ்ஸில் வா.

தினேஷ்: கவிதாக்கா, போன வருடம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோமே, அங்கேயே விடலாமா?

செல்வி: வேண்டாம்டா. முதுகில் தழும்போடு வந்தாரே.

கவிதா: அங்கே வேண்டாம். அடிப்பது வைத்தியமே இல்லை. 2017 மனநலச் சட்டத்தில் குடி, போதையால் வரும் மனநோயும் அடங்கும். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த இடமா என்று பார்க்காமல் எங்கேயும் விடக் கூடாது. முதலில் ஜி.எச்.சில் இந்த ஒரு வாரம் தாண்டட்டும். பலர் அதையே முழு வைத்தியம் என்று நினைத்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள். உடம்பிலிருந்து இறங்குவது முதல் படிதான். அப்புறம் ஆசை எழாமல் இருக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று மருந்துகள் இருக்கின்றன, ஈரலைப் பார்த்துவிட்டு எதைக் கொடுக்கலாம் என்று டாக்டர் முடிவு செய்வார். கவுன்சலிங் மாதக்கணக்கில் போகும். சென்னையில் டி.டி.கே. ஆஸ்பத்திரி இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது, குடும்பத்துக்கும் தனியாக வகுப்பு உண்டு. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. கூட்டம் தமிழிலேயே நடக்கிறது, பணம் கிடையாது. போதை உதவிக்கு 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டுமே இலவச எண்.

பிரபு: குடும்பத்துக்கு வகுப்பா? அம்மா, நீங்களும் போகணும்

லட்சுமி: நீ முதல் வரிசையில் உட்காரு.

ராஜாமணி: அந்த மூலிகைப் பொடியில் என்னதான் தப்பு என்று கடைசி வரை சொல்லவில்லையே.

கவிதா: அதில் சிலவற்றில் டைசல்ஃபிராம் கலந்திருக்கும் அப்பா. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, பிரஷர் விழுந்து நெஞ்சுக்கே ஆபத்தாகும். டாக்டரே கொடுப்பார், ஆனால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு. சாம்பாரில் இல்லை.

ராஜாமணி: சரி. பத்துப் பேருக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன்.

பிரபு: பெரிய மாமா ராக்ஸ்

செல்வி: வண்டி வந்துவிட்டது. மாலையைக் கழற்றச் சொல்வார்களா? அத்தை அழுகிறார், கழற்றக் கூடாது என்கிறார்.

முருகேசன்: மாலையைக் கழற்றினால் விரதம் முறிந்த மாதிரி. நான் ஒரு பெரிய குருசாமியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

கவிதா: கழுத்தை இறுக்காமல் இருந்தால் போதும் மாமா. மற்றதை அங்கே டாக்டர் சொல்வதைப் பொறுத்துப் பார்க்கலாம். சித்தி, ஆதார், காப்பீட்டு அட்டை, பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்க. டூட்டி நர்ஸிடம் நான் பேசிவிடுகிறேன்.

லட்சுமி: ஆஸ்பத்திரியில் ராத்திரி ஆம்பிளை ஒருவர் கூட இருக்கணுமே. அண்ணே, நீங்க போறீங்களா?

ராஜாமணி: எனக்கு முழங்கால்.

முருகேசன்: நான் விரதத்தில் இருக்கிறேன். ஆஸ்பத்திரித் தீட்டு...

பிரபு: நான் போகிறேன். காரை எடுக்கிறேன். திண்டுக்கல்லில் எந்த வாசல் அத்தை?

முருகேசன்: பஸ்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. சேகர் சீட்டை வைத்திருக்கவா, வேறு ஆளுக்குக் கொடுக்கவா?

லட்சுமி: அதை நாளைக்குப் பேசலாம்.