ஏழாம் மாதம், பிரஷர் 148/96: வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகலாமா?

கம்பத்துப்பொண்ணு:
தோழிகளே, கொஞ்சம் அவசரம். தலைப்பிரசவம், 29 வாரம் முடிந்திருக்கிறது. இருப்பது கோயம்புத்தூர், அம்மா வீடு கம்பம் பக்கம் ஒரு கிராமம். வரும் ஞாயிறு வளைகாப்பு. மண்டபம் பேசியாயிற்று, வளையல்காரருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. அது முடிந்த கையோடு என்னை ஊருக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு.

போன செவ்வாய் செக்கப்பில் பிரஷர் 148/96. உட்காரவைத்துத் திரும்பப் பார்த்தார்கள், சாயங்காலம் வரச்சொல்லி மறுபடியும் பார்த்தார்கள், இறங்கவில்லை. யூரினில் உப்பு ஒரு ப்ளஸ். பிரஷருக்கு லேபடலால் மாத்திரை 100 எம்ஜி காலையும் இரவும் போடுகிறேன். ஸ்கேனில் குழந்தை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, வாரத்துக்கு எடை குறைவு என்றார்கள். டாப்ளர் எடுத்துப் பார்த்ததில் ரத்த ஓட்டம் இப்போதைக்குப் பரவாயில்லையாம். "இனி நீங்க ஹை ரிஸ்க், ஊருக்குப் போறதை மறந்துடுங்க" என்று டாக்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அம்மா கேட்பதாக இல்லை. அக்காவுக்கு இரண்டு பிரசவமும் பார்த்த நர்சிங் ஹோம் எங்கள் ஊரிலிருந்து பத்து நிமிடம்தான். போன் போட்டுக் கேட்டதற்கு "கூட்டிட்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்றார்களாம். முதல் பிரசவத்தை மாமியார் வீட்டில் வைத்தால் ஊர் என்ன பேசும் என்று அழுகை வேறு. எனக்குத் தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை. கால் மட்டும் வீங்கி மெட்டி கழற்ற வரவில்லை. நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு இத்தனை பயமுறுத்தல் என்றும் தோன்றுகிறது. பிரஷரோடு பிரசவம் ஆனவர்கள் சொல்லுங்கள், போகலாமா?

பொள்ளாச்சி_தென்றல்:
போகாதீர்கள். நான் போனேன்.

2019, 31 வாரம், பிரஷர் 150/100. எனக்கும் அதே "பார்த்துக்கலாம்"தான். வளைகாப்பு முடிந்து ஒன்பதாம் நாள் ராத்திரி நெற்றிப்பொட்டில் ஆணி அடித்த மாதிரி தலைவலி, கண் முன்னால் பூச்சி பறந்தது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் 170/110. உடனே ஆபரேஷன் என்று முடிவு செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு எங்கள் இருவர் உயிரும் தங்கியது அவர்களால்தான். ஆனால் பிறந்தது 1 கிலோ 250, மூச்சு விட முடியாத பிள்ளை, அங்கே குழந்தை டாக்டரும் கிடையாது வெண்டிலேட்டரும் கிடையாது. பிறந்த அரைமணி நேரத்தில் அவளை மட்டும் ஆம்புலன்ஸில் ஏற்றி 70 கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊருக்குக் கொண்டுபோனார்கள். நான் தையலோடு இங்கே, அவள் கண்ணாடிப் பெட்டியில் அங்கே. என் மகளை நான் பார்த்ததே ஐந்தாம் நாள். அதுவரை பாலைப் பீய்ச்சி, கொதிக்கவைத்த எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி, ஐஸ் போட்ட பிளாஸ்க்குக்குள் வைத்து என் வீட்டுக்காரர் பஸ்ஸில் கொண்டுபோவார். 10 மில்லி, 15 மில்லி. அங்கே சிஸ்டர் டியூபில் 2 மில்லி ஏற்றிவிட்டு மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைப்பார்களாம். பாலாடையில் குடிக்கிற அளவுக்கு வர மூன்று வாரம் ஆயிற்று.

இப்போது ஸ்கூல் போகிறாள், வாய் காது வரை. ஆனால் நீங்கள் அந்த நர்சிங் ஹோமில் "பிரசவம் பார்ப்பீங்களா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் பார்ப்பார்கள். "30 வாரத்துல குழந்தை வந்துட்டா எங்க வைப்பீங்க" என்று கேளுங்கள். அதற்கு என்ன பதில் வருகிறது என்று அம்மாவையே போனில் கேட்கவிடுங்கள்.

வேலூர்_அத்தை:
கண்ணு, பயப்படாதே. எங்க காலத்தில் எல்லாருக்கும் கால் வீங்கும். பார்லி கஞ்சி, நெருஞ்சில் கஷாயம், உப்பில்லாச் சாப்பாடு, ஒரு வாரத்தில் வற்றிவிடும். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் ரிஸ்க் என்று சொல்லி வயிற்றைக் கிழிக்கிறார்கள்.

லேபர்வார்டு_சிஸ்டர்:
அத்தை கோபித்துக்கொள்ளக் கூடாது. பார்லி கஞ்சி குடிக்கட்டும், தப்பில்லை. கஷாயம் வேண்டாம், அதுவும் மாத்திரை போடுகிறபோது. உப்பை அறவே விட்டாலும் இந்தப் பிரஷர் இறங்காது, ஏனென்றால் இது சாப்பாட்டால் வருவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் 22 வருடம் இருந்துவிட்டுச் சொல்கிறேன்.

சங்கதி நஞ்சில், அதாவது நஞ்சுக்கொடியில் (பிளாசென்டா) இருக்கிறது. ஆரம்ப மாதங்களில் நஞ்சு கர்ப்பப்பையில் சரியாக வேர் பிடிக்காமல் போனால் அங்கே ரத்தக்குழாய்கள் விரியாமல் ஒடுங்கியே இருக்கும். பிள்ளைக்கு ரத்தம் குறையும், எடை ஏறாது. அந்த நஞ்சிலிருந்து வருகிற பொருள்கள் தாயின் ரத்தக்குழாய்களைக் கெடுப்பதால்தான் பிரஷரும் ஏறி, யூரினில் புரதமும் இறங்குகிறது. நாம் உப்பு என்று சொல்வது அந்தப் புரதத்தைத்தான். ஆக உங்கள் பிரஷரும் பிள்ளையின் எடையும் தனித்தனிப் பிரச்சனை இல்லை. லேபடலால் பிரஷரைப் பிடித்து வைக்கும், நோயை நிறுத்தாது. பிள்ளையும் நஞ்சும் வெளியே வந்தால்தான் நிற்கும். அதுவரைக்கும் டாக்டர்கள் செய்வது நாள் வாங்குகிற வேலை. 29க்கும் 34க்கும் நடுவில் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பெரிய லாபம், ஆனால் அதற்காகத் தாயை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று அன்றாடம் பார்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பிளேட்லெட் (ரத்தம் உறைய வைக்கும் அணுக்கள்), கல்லீரலுக்கு எஸ்ஜிஓடி, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் எல்லாம் அடிக்கடி எடுக்கச் சொல்வது இதற்குத்தான். தலைவலி இல்லாமலே பிளேட்லெட் சரிந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பதை நம்பாதீர்கள்.

சீக்கிரம் எடுக்க வேண்டி வரும் என்று தோன்றினால் பிள்ளையின் நுரையீரலுக்கு ஊசி போடுவார்கள், டெக்ஸாமெத்தசோன் என்றால் 12 மணிக்கு ஒரு தடவை, மொத்தம் நான்கு. போட்டு ஒரு நாளாவது கழித்துப் பிறந்தால் நல்ல பலன். வலிப்பு, ஊரில் ஜன்னி என்பார்கள், அது வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட். நரம்பில் ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பாய்கிற மாதிரி இருக்கும், இடுப்பில் போடுகிற ஊசி நன்றாக வலிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அப்புறம் மணிக்கணக்கு வைத்து வந்து முழங்காலைச் சுத்தியலால் தட்டுவார்கள், மூச்சை எண்ணுவார்கள், யூரின் பையை அளப்பார்கள். கால் உதறினால் மருந்து அளவோடு இருக்கிறது என்று அர்த்தம், உதறாவிட்டால் அடுத்த ஊசியை நிறுத்திவிடுவோம். ராத்திரி இரண்டு மணிக்கும் தூங்காமல் இதைச் செய்ய ஆள் இருக்கிற இடம் வேண்டும். கட்டடம் பெரிதா சிறிதா என்பது விஷயமே இல்லை, ரத்த வங்கி, மயக்க டாக்டர், பச்சிளம் குழந்தை ஐசியூ மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்க வேண்டும். அரசில் சீமாங் சென்டர் என்று இருப்பது அதற்காகத்தான். கோவையில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஊர்ப் பக்கம்தான் என்று பிடிவாதம் பிடித்தாலும் க.விலக்கில் தேனி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, அதற்குக் கீழே எதற்கும் சம்மதிக்காதீர்கள். ஆனால் இந்தப் பிரஷரோடு ஆறேழு மணி நேரம் பஸ்ஸிலா? நான் விட மாட்டேன்.

தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில் அல்லது வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சு வாங்குவது, அசைவு குறைவது, 160/110 தொடுவது, எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108. பிரசவம் ஆனதும் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம், மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிரஷர் திரும்ப ஏறும், வீட்டுக்குப் போன பிறகு ஜன்னி வந்து திரும்பியவர்கள் உண்டு.

இன்னொன்று, இந்தத் தடவைக்கு உதவாது, அடுத்ததற்கு: 12 வாரத்திலேயே டாக்டரிடம் போய்ச் சின்ன டோஸ் ஆஸ்பிரின் பற்றிக் கேளுங்கள். 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதில் நல்ல பலன்.

ஈரோடு_கணேசன்:
ஆண்கள் பதில் சொல்லலாம்தானே? மனைவிக்கு இதே கதை. வீட்டுக்கு பிபி மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், புஜத்தில் கட்டுவது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தொங்கவிடாமல் தரையில் வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். நோட்டில் தேதி, நேரத்தோடு எழுதுங்கள், டூட்டி டாக்டர் மாறினாலும் நோட்டு பேசும்.

செலவையும் யோசியுங்கள். தனியாரில் பிரசவ பேக்கேஜ் ஒரு கணக்கு, குழந்தை ஐசியூ நாள் வாடகை வேறு கணக்கு, ஒரு மாதம் இருந்தால் நகை போய்விடும். முன்னாலேயே எழுத்தில் கேளுங்கள். இன்ஷூரன்ஸில் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், பாலிசியைப் படியுங்கள். பிக்மி நம்பர், அதாவது அரசு கர்ப்பப் பதிவு எண், வாங்கியாயிற்றா? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய், பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் அதைக் கேட்பார்கள்.

கம்பத்துப்பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. தென்றல் அக்கா சொன்ன கேள்வியை அம்மாவே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். "ஒரு வார்மர் இருக்கு, ரொம்பச் சின்னக் குழந்தைன்னா தேனிக்கு அனுப்பிடுவோம்." அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அனுப்புறதுன்னா நீ இங்கயும் பிள்ள அங்கயுமா?" என்றார். மண்டபத்தை விட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இங்கேயே கூடத்தில் பத்து பேரோடு வளையல் போட்டுக்கொண்டு அம்மா இங்கேயே தங்குகிறார், ஆட்டுக்கல்லைத் தவிர எல்லாவற்றையும் மூட்டை கட்டுவதாக அக்கா சொன்னாள்.

இன்று காலை 152/98. மெடிக்கல் காலேஜில் பார்த்தார்கள், லேபடலாலைக் கூட்டியிருக்கிறார்கள், நாளை அட்மிஷன். 24 மணி நேர யூரின் பிடிக்கச் சொல்லி ஐந்து லிட்டர் கேன் கொடுத்தார்கள், காலையில் முதலில் போவதையும் சேர்க்க வேண்டுமா? கேட்க மறந்துவிட்டேன்.

லேபர்வார்டு_சிஸ்டர்:
எழுந்ததும் போவதைக் கொட்டிவிட்டு அந்த நேரத்தைக் கேனில் எழுதுங்கள். அதன் பிறகு ஒரு சொட்டு விடாமல் பிடித்து, மறுநாள் அதே நேரத்துக்குப் போவதைச் சேர்த்து முடியுங்கள். மெட்டியை இன்றே சோப்பு போட்டுக் கழற்றிவிடுங்கள், வராவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.