பிளட் பௌல் மனித அணி: ஓர் அணியாகவும் தெரிய வேண்டும், ஆளாளுக்கு அடையாளமும் தெரிய வேண்டும்

கேள்வி: நனைந்த தூரிகை

அனைவருக்கும் வணக்கம். பிளட் பௌல் என்பது சிறு பொம்மைகளை அட்டைத் திடலில் நகர்த்தி ஆடும் கற்பனைப் பந்தாட்டம். அதன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பின் பெட்டி ஒன்று நண்பர் ஒருவரின் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. அதிலுள்ள மனித அணியான ரெய்க்லேண்ட் ரீவர்ஸுக்கு வண்ணம் தீட்டத் தொடங்கியிருக்கிறேன். நான்கு லைன்மேன் (சாதாரண ஆட்டக்காரர்), நான்கு பிளிட்சர் (மோதித் தாக்குபவர்), இரண்டு த்ரோயர் (பந்து எறிபவர்), இரண்டு கேட்சர் (பந்து பிடிப்பவர்) என மொத்தம் 12 பொம்மைகள். பொம்மைப் பாகங்கள் கோத்திருக்கும் ஒரே பிளாஸ்டிக் சட்டகத்தை இரண்டு முறை கொடுத்திருப்பதால் ஒவ்வோர் உருவத்துக்கும் அச்சு அசலாக ஓர் இரட்டைப் பிறவி இருக்கிறது.

எனக்கு இரண்டு சிக்கல்கள். அணியின் நீலத்தையும் வெள்ளையையும் அப்படியே பின்பற்றி ஐந்து பேரை முடித்தேன். கையில் வைத்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் திடலில் நிறுத்தியவுடன் எல்லோரும் ஒரே நீலக் கும்பலாகிவிடுகிறார்கள். சென்ற வாரம் என்னுடன் ஆடியவர் ஒவ்வொரு முறையும் "இவர் பிளிட்சரா, லைன்மேனா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். அடுத்து, மழை விட்ட ஒரு மாலையில் மீதி ஏழு பேருக்கும் மொட்டை மாடியில் ஸ்ப்ரே பிரைமர் (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) அடித்தேன். காலையில் பார்த்தால் முகமெல்லாம் சாம்பல் பூத்ததைப் போல இருந்தது, தொட்டால் சொரசொரத்தது. அதன் மேலேயே தீட்டலாமா, சுரண்டி எடுத்துவிட வேண்டுமா?

மறுமொழி: மூன்றாம் கை

வணக்கம். முதலில் பிரைமரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் மேல் தீட்ட வேண்டாம். மேலே பூசும் ஒவ்வொரு வண்ணமும் அந்தச் சொரசொரப்பை இன்னும் எடுத்துக்காட்டும், குறிப்பாக முகத்தில். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும் என்பதால் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பக்கம் போகாதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே பூத்துப்போகும். கடும் வெயிலில் அடித்தாலோ, தள்ளி நின்று அடித்தாலோ, துளிகள் பொம்மையைத் தொடும் முன்பே காய்ந்து மணலாகப் படியும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நான் ஸ்ப்ரேயைத் தொடுவதே இல்லை. தூரிகையால் பூசும் பிரைமரை மெல்லியதாக இரண்டு முறை பூசுகிறேன். நேரம் பிடிக்கும்தான், ஆனால் முடிவு கையில் இருக்கும்.

இனி நீலக் கும்பல். நாம் பொம்மையைக் கண்ணெதிரே வைத்துத் தீட்டுகிறோம், ஆனால் ஆடும்போது இரண்டு மூன்றடி உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறோம். அப்போது கண்ணில் படுபவை தலைக்கவசம், தோள்கவசம், பொம்மை நிற்கும் அடித்தட்டின் விளிம்பு ஆகிய மூன்றும்தான். கால்சட்டையில் நீங்கள் இழைத்து இழைத்துச் செய்த நிழல்வேலையை எதிராளி பார்க்கவே போவதில்லை (நானும் ஒரு காலத்தில் அதிலேயே இரவுகளைக் கழித்தவன்தான்). எனவே தோள்கவசத்தை எல்லோருக்கும் ஒரே நீலமாக விட்டுவிடுங்கள். அதுதான் அணியை அணியாக்குவது. தலைக்கவசத்தை மட்டும் பொறுப்புக்கு ஏற்ப மாற்றுங்கள். என் அணியில் லைன்மேனுக்கு வெறும் இரும்பு நிறம், பிளிட்சருக்கு வெள்ளையின் நடுவே ஒரு நீலப் பட்டை, த்ரோயருக்கு முழு வெள்ளை, கேட்சருக்கு மஞ்சள்.

ஒரு எச்சரிக்கை. அணியின் நீலத்தை இரண்டு வண்ணங்களைக் கலந்து உருவாக்காதீர்கள். அடுத்த வாரம் அதே கலவை கிடைக்காது. ஏழாவது ஆள் வேறு ஊர் அணிக்காரனைப் போல நிற்பான். புட்டியில் உள்ளபடியே எடுத்து, நான்கு நான்கு பேராக வரிசையில் வைத்துத் தீட்டுங்கள். அவசரமென்றால் 2019இல் சிட்டாடல் என்னும் வண்ண பிராண்ட் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வகை வண்ணங்கள் உதவும். வெளிர் நிறப் பிரைமரின் மேல் ஒரே பூச்சில் மேட்டில் வெளிச்சமும் பள்ளத்தில் நிழலும் கிடைத்துவிடும். ஆனால் தோள்கவசத்தைப் போன்ற வழவழப்பான பெரிய பரப்பில் அது திட்டுத்திட்டாகத் தேங்கும் என்பதால், அங்கே மட்டும் வழக்கமான வண்ணத்தைப் பயன்படுத்துங்கள்.

மறுமொழி: ஓரக்கட்டம்

மேலே சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடுதான். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நான் அடித்தட்டு விளிம்பில் பிளிட்சருக்குச் சிவப்பும் கேட்சருக்குப் பச்சையும் தீட்டி வைத்திருந்தேன். எங்கள் குழுவில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாது என்பது அவர் தவறான ஆளைத் துரத்தித் தோற்ற பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து விளிம்பில் வெளிர் நிறம், அடர் நிறம் என்ற வேறுபாட்டையே பயன்படுத்துகிறேன். பொம்மைகளைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அதிலும் வேறுபாடு தெரிந்தால்தான் அது வேறுபாடு.

இரட்டையர்களுக்கு எண்கள் கட்டாயம். லீக் ஆட்டத்தில் ஒரு லைன்மேன் பிளாக் என்னும் மோதல் திறனைக் கற்றுக்கொண்டு, அவனுடைய இரட்டை கற்காமல் நின்றால் எண்ணில்லாமல் என்ன செய்வீர்கள்? அணியில் 16 பேர் வரை இருக்கலாம் என்பதால் 1 முதல் 16 வரை போதும். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் எண் படலமான டெக்காலை, மினுமினுப்பில்லாத மேட் பரப்பில் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிப் படலமாக மின்னும். முதலில் அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் பூசி, அதன்மேல் ஒட்டுங்கள். வளைந்த தோளில் மடங்கினால் டெக்காலை மென்மையாக்கும் மைக்ரோ சோல் திரவத்தை ஒரு துளி தடவிக் கைவைக்காமல் விட்டுவிடுங்கள். முதலில் சுருங்கும், பயப்பட வேண்டாம், பிறகு பரப்போடு படிந்துவிடும்.

நனைந்த தூரிகை

இருவருக்கும் மிக்க நன்றி. ஏழு பேரும் இப்போது ஆல்கஹாலில் ஊறிக்கொண்டிருக்கிறார்கள். முடித்தவர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்த்தேன். ஐந்து பேரும் ஒரே சாம்பல். வெட்கமாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு சந்தேகம்: வண்ணம் தீட்டி முடித்த பிறகு மேலே வார்னிஷ் அவசியமா?

மறுமொழி: மூன்றாம் கை

மற்றப் போர் விளையாட்டுகளைவிட இதில்தான் அவசியம். விழுந்த ஆட்டக்காரனை மல்லாக்கப் படுக்க வைக்கிறோம், மயங்கியவனைக் குப்புறக் கவிழ்க்கிறோம். ஒரு பாதிக்கு 8 சுற்று, இரண்டு பாதி. ஓர் ஆட்டம் முடிவதற்குள் ஒரே லைன்மேன் பலமுறை மூக்கை அட்டையில் தேய்த்து எழுந்துவிடுவான். என் பழைய அணியில் மூக்குநுனி, முழங்கை, தோள்முனை ஆகிய மூன்று இடங்களிலும் பிளாஸ்டிக் வெளியே தெரிகிறது. முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசுங்கள், அதுதான் உறுதியானது. நன்றாகக் காய்ந்த பிறகு மினுமினுப்பைக் குறைக்க மேலே மேட் வார்னிஷ் பூசினால் போதும். இரண்டையும் தூரிகையாலேயே பூசுங்கள். இந்த மழையில் மேட் ஸ்ப்ரே அடித்தால், பிரைமருக்கு நேர்ந்தது முடித்த வேலையின் மேலேயே நேரும். அதை ஆல்கஹாலில் போட உங்களுக்கு மனம் வராது.