விபி6: ஃபார்மைத் திறந்தால் லிஸ்ட்வியூ பிக்சர்பாக்ஸாக மாறிவிடுகிறது

கேள்வி:
பழைய விபி6 (விஷுவல் பேசிக் 6) ப்ராஜெக்ட்டை 64 பிட் விண்டோஸ் 10 கணினிக்குக் கொண்டுவந்தேன். ஏற்கெனவே கம்பைல் செய்த எக்ஸிஇ ஓடுகிறது. ஐடிஇ-யில், அதாவது நிரல் எழுதும் மென்பொருளில், ஃபார்மைத் திறந்தால் மட்டும் பிழை. லிஸ்ட்வியூ (பட்டியல் காட்டும் கன்ட்ரோல்) இருந்த இடத்தில் வெறும் பிக்சர்பாக்ஸ் (படம் காட்டும் பெட்டி). லிஸ்ட்வியூ அடங்கிய எம்எஸ்காம்சிடிஎல் ஓசிஎக்ஸ் கோப்பைப் பழைய விபி6 சிடியிலிருந்து எடுத்து ரெஜிஸ்டர் செய்திருக்கிறேன்.

பதில் 1:
முதலில் சேமிக்காமல் மூடுங்கள். கன்ட்ரோல் கிடைக்காவிட்டால் ஐடிஇ அதே பெயரில் ஒரு பிக்சர்பாக்ஸை வைத்துவிடும். அந்த நிலையில் சேவ் செய்தால் நெடுவரிசைத் தலைப்புகள், இமேஜ்லிஸ்ட் படங்கள் எல்லாம் போய்விடும். ஏற்கெனவே சேமித்திருந்தால் பேக்கப்பிலிருந்து .எஃப்ஆர்எம் (ஃபார்ம் கோப்பு), .எஃப்ஆர்எக்ஸ் (அதன் படங்கள் போன்ற தரவு) இரண்டையும் ஜோடியாக எடுங்கள். படம் .எஃப்ஆர்எக்ஸில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதை .எஃப்ஆர்எம் குறித்து வைத்திருக்கும். ஜோடி மாறினால் கணக்கு தப்பும்.

விபி6 32 பிட். ஓசிஎக்ஸ் இருக்க வேண்டிய இடம் விண்டோஸின் சிஸ்வாவ்64 ஃபோல்டர். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், 64 பிட் கோப்புகள்தான் சிஸ்டம்32-இல். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சிஸ்வாவ்64-க்குள் உள்ள ரெக்எஸ்விஆர்32 (ரெஜிஸ்டர் செய்யும் கருவி) கொண்டே ரெஜிஸ்டர் செய்யுங்கள்.

பதில் 2:
எக்ஸிஇ ஓடுகிறதே, அப்புறம் ரெஜிஸ்ட்ரேஷன் எப்படிக் காரணமாகும்? எனக்கு வெர்ஷன் மேல்தான் சந்தேகம். .எஃப்ஆர்எம் கோப்பை நோட்பேடில் திறந்து, மேலே 'ஆப்ஜெக்ட்' வரியில் # குறிக்குப் பிறகு என்ன எண் என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
#2.2#0 என்று இருக்கிறது.

பதில் 2:
அதுதான். ஃபார்ம் கேட்பது 2.2, சிடியில் வந்தது 2.0. வேறொரு கணினியில் புதிய ஓசிஎக்ஸ் இருந்து, அங்கே ப்ராஜெக்ட்டைச் சேமித்திருக்கிறார்கள். பழையது தானாகப் புதியதுக்கு ஏறும். புதியது பழையதுக்கு இறங்காது.

ஐடிஇ-யை மூடி, பழைய கோப்பை நீக்கும் முன்பே அதை அன்ரெஜிஸ்டர் செய்யுங்கள். இல்லாவிட்டால் 2.0 டைப் லைப்ரரி (கன்ட்ரோலின் விவரக் குறிப்பு) ரெஜிஸ்ட்ரியில் மிச்சமாய் நின்று தொல்லை தரும். பிறகு புதியது இருக்கும் அந்த வேறு கணினியின் சிஸ்வாவ்64-இலிருந்து புதிய ஓசிஎக்ஸை நகலெடுத்து ரெஜிஸ்டர் செய்யுங்கள்.

.விபிபி (ப்ராஜெக்ட் கோப்பு)-யிலும் எல்லா .எஃப்ஆர்எம்-களிலும் 2.2-ஐ 2.0 என்று திருத்தினாலும் திறக்கும்தான். நான் செய்ய மாட்டேன். இந்த ஓசிஎக்ஸில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால்தான் 2012-இல் திருத்தமே வந்தது.

கேள்வி கேட்டவர்:
லிஸ்ட்வியூ வந்துவிட்டது, நன்றி. இன்னொரு ஃபார்மில் வெளியார் கிரிட் (அட்டவணை கன்ட்ரோல்) ஒன்று, லைசென்ஸ் இல்லை என்கிறது. எக்ஸிஇ-யில் அதுவும் ஓடுகிறது!

பதில் 1:
ஓடத்தான் செய்யும். கம்பைல் ஆகும்போதே ரன்டைம் சாவி எக்ஸிஇ-க்குள் போய்விடுகிறது. ஐடிஇ-யில் ஃபார்மை வடிவமைக்கும் டிசைனருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். அது ரெஜிஸ்ட்ரியிலோ, ஓசிஎக்ஸ் பக்கத்தில் .எல்ஐசி கோப்பாகவோ இருக்கும். ஓசிஎக்ஸை மட்டும் நகலெடுத்தால் அது கூடவே வராது. அந்த கிரிட்டின் டெவலப்பர் இன்ஸ்டாலரையே இங்கே ஓட்டுங்கள்.