மறு: மீனுக்கு 'நோய் எதிர்ப்பு' என்ற ஒரே சொல் போதுமா?

வணக்கம்.

> ரெசிஸ்டன்ஸ் என்றால் எதிர்ப்பு. ஏற்கெனவே புழங்குகிற சொல். இதில் பேச என்ன இருக்கிறது?

மனித மருத்துவத்தோடு நின்றுவிட்டால் பேச ஒன்றும் இல்லைதான். ஆனால் பாக்டீரியா நோய்க்கு ஈடுகொடுக்கும் மீன் இனத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்குகிற வேலையைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் இந்த ஒரு சொல் படுத்துகிற பாடு தெரியும். தடுப்பூசி போட்டதால் மீனுக்கு வருவதும் நோய் எதிர்ப்பு, தாய் தகப்பனிடமிருந்து வருவதும் நோய் எதிர்ப்பு, கிருமியைச் சுமந்துகொண்டே சாகாமல் நீந்துவதும் அதேதான். போதாக்குறைக்கு ஆண்டிபயாடிக் போட்டும் சாகாத கிருமியின் குணத்துக்கும் 'எதிர்ப்பு' என்றே எழுதுகிறோம். "எதிர்ப்புத்திறன் கூடியது" என்று ஒரு வாக்கியம் வந்தால், கூடியது மீனுக்கா கிருமிக்கா என்று முந்தைய பத்தியைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஊசியால் வருவதை முதலில் பிரித்துவிடலாம், அது சுலபம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'தடைகாப்பு' இருக்கிறது, இலங்கையில் 'நிர்ப்பீடனம்' இருக்கிறது, இரண்டில் எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். பிரித்தே ஆக வேண்டும் என்பதற்கு நார்வே நல்ல உதாரணம். 1987-இல் அங்கே சால்மன் பண்ணைகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 டன் ஆண்டிபயாடிக் கொட்டினார்கள். இன்று உற்பத்தி பல மடங்கு பெருகி 10 லட்சம் டன்னைத் தாண்டிய பிறகும் மருந்து ஒரு டன்னுக்குள் அடங்கிவிடுகிறது. இந்த இறக்கத்தில் பெரும்பங்கு தடுப்பூசியுடையது. ஃபுரன்குலோசிஸ் என்கிற பாக்டீரியா நோய்க்கு ஈடுகொடுக்கும் தன்மையை இனத்தேர்வில் அவர்கள் சேர்த்துக்கொண்டது 1990-களில்தான், அதற்குள் மருந்து வேகமாக இறங்க ஆரம்பித்துவிட்டது. "நார்வேயில் நோய் எதிர்ப்பால் மருந்து குறைந்தது" என்று எழுதினால் எந்த எதிர்ப்பு என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

இனி சிக்கலான இடம்.

> 'வறட்சி தாங்கும் பயிர்' என்கிறோமே, அதைப் போல 'நோய் தாங்கும் மீன்' என்று வைத்துவிடலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, விவசாயிக்கும் உடனே புரியும். ஆனாலும் இதற்கு நான் ஒப்ப மாட்டேன். வறட்சி பயிருக்குள் புகுந்து பெருகாது, ஒரு செடியிலிருந்து பக்கத்துச் செடிக்கும் தொற்றாது. கிருமி இரண்டையும் செய்யும். கிருமி உள்ளே பெருகியும் உடம்பு பெரிதாகக் கெடாமல் சமாளித்துக்கொள்கிற மீன் ஒரு வகை, ஆங்கிலத்தில் அதை டாலரன்ஸ் என்கிறார்கள். கிருமியைப் பெருகவே விடாமல் அடக்குகிற மீன் இன்னொரு வகை, ரெசிஸ்டன்ஸ் என்பது அதுதான். குளத்தில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான விளைவைத் தரலாம். அடக்குகிற மீன் நிறைந்த குளத்தில் கிருமி குறையும். தாங்குகிற மீன் நன்றாகத் தின்று வளர்ந்துகொண்டே கிருமியைத் தண்ணீரில் விட்டபடி இருக்கும், அதே குளத்தில் விடப்படும் அடுத்த தொகுதிக் குஞ்சுகள் பலியாகும். ஆக 'தாங்குதல்' அருமையான சொல், டாலரன்ஸுக்கு. அதை அங்கேயே வைத்துக்கொள்வோம்: நோய்தாங்கல். 'நோய்தாங்கி' என்றால் கிருமியைச் சுமந்து திரிவது என்றும் காதில் விழுகிறது, அந்த வகை மீனுக்கு அது பொருந்தத்தானே செய்கிறது!

இதில் இன்னொரு முடிச்சு உண்டு. ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் அளப்பது இந்த இரண்டையுமே அல்ல. ஒவ்வொரு தாய்-தகப்பன் ஜோடியின் குஞ்சுகளையும் ஒரு குடும்பமாகக் கணக்கு வைத்து, எது எந்தக் குடும்பம் என்று தெரிய நெல்மணி அளவுள்ள அடையாளச் சில்லை வயிற்றில் செருகி, எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விடுகிறார்கள். கிருமியை அளந்து ஊசியால் ஏற்றுவார்கள், இல்லையென்றால் கிருமி கலந்த நீரில் முக்குவார்கள், அதுவும் இல்லையென்றால் நோயுற்ற மீனைக் கூடவே நீந்த விடுவார்கள். அப்புறம் தினமும் செத்த மீனை எடுத்து, சில்லைப் படித்து, நாளைக் குறித்துக்கொள்வதுதான் வேலை. எந்தக் குடும்பத்தில் எத்தனை பிழைத்தன என்பதுதான் கையில் கிடைக்கிற எண். அடக்கிப் பிழைத்ததா தாங்கிப் பிழைத்ததா என்று அந்த எண் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள மண்ணீரலையோ சிறுநீரகத்தையோ எடுத்துக் கிருமியை எண்ண வேண்டும்.

பழைய உதாரணத்திலும் இதே கதைதான். 1925-இல் புரூக் டிரவுட் மீனைப் பற்றி எம்போடி, ஹேஃபோர்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதியது இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோளாக வரும்: நோயில் பிழைத்தவற்றிலிருந்தே இனம் எடுத்து, மூன்று தலைமுறையில் பிழைத்தவை 2 சதவீதத்திலிருந்து 69 சதவீதமாக ஏறின. அவர்கள் எண்ணியதும் பிழைத்த தலைகளைத்தான். ஆங்கிலக் கட்டுரைகள் இதையெல்லாம் போகிற போக்கில் ரெசிஸ்டன்ஸ் என்று எழுதிவிடுகின்றன. அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அளக்கப்பட்டது இதுவானால் 'தொற்றுப்பிழைப்பு' என்று எழுதலாம் என்பது என் யோசனை. பிழைப்பு என்றதும் வயிற்றுப்பாடு நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வீர்கள், முன்னால் 'தொற்று' இருப்பதால் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

கிருமி எண்ணிக்கையும் பார்த்து, அடக்குகிறது என்று தெரிந்த பிறகு 'மரபெதிர்ப்பு' என்று போடலாம். எதிர்ப்பு என்ற பழகிய சொல்லை விடவும் வேண்டாம், 'மரபு' ஒட்டியிருப்பதால் தடுப்பூசியோடு குழம்பவும் வேண்டாம். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் லீடவுனில் வானவில் டிரவுட்டில் குளிர்நீர் பாக்டீரியா நோய்க்காக 2005-இல் தொடங்கிய தேர்வில் ஒரு வம்சம் நோய்க்கு ஈடுகொடுப்பது, ஒரு வம்சம் எளிதில் சாவது, ஒரு வம்சம் ஒப்பிட்டுப் பார்க்க என்று மூன்றை வளர்த்தார்கள். முதல் வம்சத்து மீனின் உடம்பில் கிருமியும் குறைவாக இருந்தது. அங்கே மரபெதிர்ப்பு என்று தாராளமாக எழுதலாம்.

> 'நோயண்டா மீன்' எப்படி? காதுக்கு இனிமையாக இருக்கிறது.

இனிமைதான், ஆனால் பொய். கிருமியின் அளவு கூடினால் தேர்ந்தெடுத்த மீனும் சாகும். தண்ணீர் கெட்டாலும் சாகும். ஒரு கிருமிக்காகத் தேர்ந்தெடுத்தது இன்னொன்றுக்கும் உதவும் என்ற உத்தரவாதமும் கிடையாது. அதனால் கிருமியின் பெயரையும் சேர்த்தே சொல்வோம். புவனேசுவரத்து நன்னீர் மீன் ஆய்வு நிறுவனம் 1992-இல் நார்வேக்காரர்களோடு சேர்ந்து ரோகு மீனில் வளர்ச்சிக்கான தேர்வைத் தொடங்கியது, ஜெயந்தி ரோகு அதில் வந்ததுதான். பிறகு ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா கிருமிக்கு எதிராகவும் தேர்வு நடத்தினார்கள். அதை 'ஏரோமோனாஸ் மரபெதிர்ப்பு' என்றால் வாசிப்பவர் மற்ற நோய்க்கும் சேர்த்து நம்பி ஏமாற மாட்டார்.

கிருமி மருந்துக்கு அடங்காததற்கு நம்மிடம் நல்ல வழக்கு இருக்கிறது: மசியவில்லை. 'மருந்துக்கு மசியாத கிருமி', பெயர்ச்சொல்லாக 'மருந்துமசியாமை'. கொச்சை என்று ஒதுக்காதீர்கள். கிருமிக்குத் தலைமுறை மணிக்கணக்கு, மீனுக்கு ஆண்டுக்கணக்கு. மருந்தை வெல்லக் கிருமிக்குச் சில சமயம் ஒரே ஒரு மரபணு போதும். மீனின் மரபெதிர்ப்போ பெரும்பாலும் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தருவது, அதை முறியடிப்பது கிருமிக்கு அத்தனை எளிதல்ல. இந்த விஷயத்தை எழுதும்போது இரண்டு பக்கத்துக்கும் 'எதிர்ப்பு' என்றே போட்டுப் பாருங்கள், ஒன்றும் விளங்காது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரீடிங்குக்கு இந்த இழையில் 'இனப்பெருக்கம்' வேண்டாம், ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைப்பதை ஏற்கெனவே தூண்டுமுறை இனப்பெருக்கம் என்கிறோம். 'இனமேம்பாடு' சரியாக இருக்கும். மேலே சொன்ன, கிருமியை ஏற்றிப் பார்க்கிற சேலஞ்ச் டெஸ்டுக்கு 'தொற்றூட்டுச் சோதனை'. அந்தச் சோதனையில் பிழைத்த மீனை இப்போதெல்லாம் பொதுவாகத் தாய்மீனாக எடுப்பதில்லை, கிருமி ஒட்டியிருக்கும். கிருமியையே பார்க்காமல் வேறு இடத்தில் பத்திரமாக வளரும் அதன் கூடப்பிறந்தவற்றைத்தான் எடுக்கிறார்கள். இதற்கு 'உடன்பிறப்புத் தேர்வு' என்று எழுதி வைத்திருக்கிறேன், மேடைப் பேச்சு வாடை அடிக்கிறது என்றால் 'கூடப்பிறப்புத் தேர்வு' என்றும் வைக்கலாம். ஹெரிட்டபிலிட்டிக்குத்தான் எதுவும் சரியாக அமையவில்லை. 'மரபுவழித்திறன்' என்றால் ஏதோ மீனின் சாமர்த்தியம் போல ஒலிக்கிறது, அதுவோ ஒரு கூட்டத்துக்குள் தெரியும் வேறுபாட்டில் மரபின் பங்கு எவ்வளவு என்ற விகிதம். 'மரபுப்பங்கு' என்று போட்டால் யாருக்காவது மறுப்பு உண்டா?