பாகம் வரவில்லை, ஒர்க் ஆர்டர் மட்டும் முடிந்துவிடுகிறது

பெங்களூரு பீனியாவில் ஏர் கம்ப்ரஸர் சர்வீஸ் செய்கிறோம். ஏப்ரலிலிருந்து டைனமிக்ஸ் 365 ஃபீல்ட் சர்வீஸ் (வாடிக்கையாளர் இடத்துக்குப் போய்ச் செய்யும் வேலைகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) பயன்படுத்துகிறோம். மென்பொருளைக் குறை சொல்லவில்லை. நாங்கள் அமைத்த விதத்தில்தான் சிக்கல்.

செவ்வாய்க்கிழமை பொம்மசந்திராவுக்குப் போன மெக்கானிக், ஆயில் சீல் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும் என்று சொல்லி, தன் புக்கிங்கை (அந்த வருகைக்கு அவருக்கு ஒதுக்கிய நேரம்) 'கம்ப்ளீட்டட்' ஆக்கிவிட்டுக் கிளம்பினார். வேறு புக்கிங் இல்லாததால் ஒர்க் ஆர்டரும், அதாவது மொத்த வேலைக்கான பதிவும், கூடவே 'கம்ப்ளீட்டட்' ஆனது. கணக்குப் பிரிவு அதை 'போஸ்டட்' ஆக்க, மாலையில் பில் தயார். கம்ப்ரஸரோ பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. வாடிக்கையாளர் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

'பாகத்துக்குக் காத்திருப்பு' என்று தனி புக்கிங் நிலை உருவாக்கினேன். அதை 'இன் ப்ரோக்ரஸ்' உடன் இணைத்தால் ஆர்டர் திறந்தே இருக்கிறது, ஆனால் மெக்கானிக்கின் வேலை நேரமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 'கம்ப்ளீட்டட்' உடன் இணைத்தால் பழைய கதைதான். ஒர்க் ஆர்டருக்குத் துணை நிலையும் (சப்-ஸ்டேட்டஸ்) வைத்துப் பார்த்தேன், பெயர்தான் மாறியது. அடுத்த வருகைக்கு முன்கூட்டியே புக்கிங் போட்டால் ஆர்டர் மூடுவதில்லை. பாகம் வரும் நாளே தெரியாதபோது எந்தத் தேதியைப் போடுவது?

பாகம் வரும்வரை ஒர்க் ஆர்டரைத் திறந்து வைத்து, மெக்கானிக்கின் நேரத்தை மட்டும் அன்றே முடிக்க நீங்கள் என்ன அமைப்பு வைத்திருக்கிறீர்கள்?