பாட்ரெஸ் பற்றிய என் பழைய பதிவுக்குப் புதுப்பிப்பு: சீசன் முடிந்தது

ஜூலையில் இங்கே புலம்பியிருந்தேன்: அமெரிக்க பேஸ்பால் அணியான சான் டியாகோ பாட்ரெஸ் பெரிய பெயர்களை வாங்கிக் குவித்துவிட்டு, மிச்ச இடங்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டது என்று. இப்போது 2023 சீசனும் முடிந்துவிட்டது. 82 வெற்றி, 80 தோல்வி. பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிகளுக்கான பிளேஆஃப் இடம், அதாவது வைல்ட் கார்டு, இரண்டே வெற்றியில் கைநழுவியது.

ஒரு விஷயத்தில் நான் சொன்னது தப்பு. போகார்ட்ஸுக்கு 11 ஆண்டுக்கு 28 கோடி டாலர் கொடுத்து ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸுகளுக்கு இடையிலான காவல் இடம்) நிறுத்தியதும், முந்தைய சீசனில் அங்கே ஆடிய கிம் வீணாகிவிடுவார் என்றேன். கிம்மோ இரண்டாம் பேஸில் அருமையாக ஆடினார். ஆனால் அங்கிருந்த க்ரோனென்வொர்த்தை முதல் பேஸுக்குத் தள்ளினார்களே, அதை இன்னும் ஏற்க முடியவில்லை. அந்த இடத்துக்கு ஓங்கி அடிக்கும் ஆள் வேண்டும். அடிப்பதற்கென்றே எடுத்த கார்ப்பென்டரின் பேட்டிங் சராசரி வெறும் .176, அதாவது நூறு முயற்சிக்கு 18 வெற்றிகரமான அடிகூட இல்லை. அதே வேலைக்கு எடுத்த நெல்சன் குரூஸை ஜூலையிலேயே அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பது இன்னிங்ஸில் சமனானால் ஆடும் எக்ஸ்ட்ரா இன்னிங்ஸை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பத்தாவது இன்னிங்ஸ் முதல் அடிக்கும் அணியின் ஒருவரை இரண்டாம் பேஸில் ஆட்ட விதிமுறையே நிறுத்திவைக்கிறது. தரையோடு வலப்பக்கம் ஒரு பந்தைத் தட்டினாலே அவர் மூன்றாம் பேஸுக்குப் போய்விடுவார்; அங்கிருந்து ரன் எடுப்பது சுலபம். நம்மவர்களோ பெரிய அடிக்குப் போய் அவுட்டாகித் திரும்புவார்கள். அவர் அங்கேயே நிற்பார். எக்ஸ்ட்ரா இன்னிங்ஸுக்குப் போன ஆட்டங்களில் இப்படி ஆடியதில் 2 வெற்றி, 12 தோல்வி.

ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களிலோ 9 வெற்றி, 23 தோல்வி. சீசன் முழுக்கக் கொடுத்ததைவிட 104 ரன் அதிகம் எடுத்த அணி இது! அதிர்ஷ்டம் இல்லை என்று நண்பர்கள் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி, அணியைக் கட்டிய விதம்தான்.