வேப்பிலையும் வெள்ளித் துகளும்: லேபில் நடந்ததைச் சொல்லுங்கள்

இலைச் சாற்றில் வெள்ளித் துகள் செய்து பார்த்த மூன்று பேர் சொன்னவை இவை.

முதுகலையில் என் புராஜெக்ட் வேப்பிலை வெள்ளி நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய வெள்ளித் துகள். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தார் 2004இல் வேப்பிலைச் சாற்றில் வெள்ளி, தங்கத் துகள்கள் செய்து வெளியிட்ட கட்டுரைதான் எனக்கு முதல் பாடம். 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 90 மில்லி, சாறு 10 மில்லி. வெளிர் மஞ்சள் மெல்லத் தேன் நிறமாகி, சாயங்காலம் டிகாஷன் மாதிரி நின்றது. ஒளி உறிஞ்சலை அளக்கும் யூவி கருவியில், வெள்ளித் துகளின் அடையாளமாக 420 நானோமீட்டர் பக்கம் மேடு எழுந்ததும் கண்ணில் நீரே வந்துவிட்டது.

ஈ.கோலை பாக்டீரியா வளர்த்த பிளேட்டில், துகள் கரைசலை வைத்த இடத்தைச் சுற்றிப் பாக்டீரியா வளராத 14 மி.மீ. வட்டம் விழுந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். மேடம் பார்த்துவிட்டு, "கண்ட்ரோல் எங்கேம்மா? ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் வைக்கலையா?" என்றார். வெறும் சாற்றையும் வெறும் சில்வர் நைட்ரேட்டையும் தனித்தனியாக வைத்தேன். சாற்றுக்கு வட்டமே இல்லை. சில்வர் நைட்ரேட்டுக்கு 13! அப்படியென்றால் கொன்றது துகளா, கரைசலில் மிச்சமிருந்த வெள்ளி அயனியா? சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படிந்ததை மூன்று முறை கழுவி மறுபடி வைத்தேன். வட்டம் 11க்குச் சுருங்கியது. தீசிஸில் அந்த 11ஐத்தான் எழுதினேன்.

*

எனக்கு வேப்பிலை இல்லை, துளசி. சாற்றை ஊற்றியதுமே சில்வர் நைட்ரேட் கரைசல் பால் மாதிரி வெளுத்தது. துகள் வந்துவிட்டதென்று நம்பி இரண்டு நாள் அதன் பின்னால் அலைந்தேன். இலையைக் குழாய்த் தண்ணீரில் கொதிக்க வைத்திருந்தேன்; அதிலிருந்த குளோரைடு வெள்ளியைப் பிடித்து சில்வர் குளோரைடாக்கிவிட்டது. புதிதாகச் செய்பவர்கள் காய்ச்சி வடித்த நீரையே எடுங்கள். கையுறையும் போடுங்கள், சில்வர் நைட்ரேட் பட்டு விரல் கறுத்தால் லேசில் போகாது.

*

நான் வேப்பிலைத் துகளை எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்களில் விட்டு, எத்தனை செல் உயிரோடிருக்கிறது என்று காட்டும் எம்டிடி சோதனை செய்தேன். உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும். துகள் கூடக்கூட ஊதா வெளிறிக்கொண்டே போனது. வீட்டில் சொன்னேன். பெரியம்மாவுக்கும் அதே நோய். "உன் வேப்பிலை மருந்தைக் கொஞ்சம் கொண்டு வாயேன்டா" என்று போனில் கேட்டார்.

அந்த வாரம்தான் புற்று இல்லாத வீரோ செல்களிலும் அதே துகளை விட்டுப் பார்த்திருந்தேன். அவையும் கிட்டத்தட்ட அதே அளவில் செத்தன. நேரில் போய் உட்கார்ந்து சொன்னேன்: "பெரியம்மா, இது இன்னும் பிளேட்டைத் தாண்டவில்லை. நல்ல செல்லையும் சேர்த்துக் கொல்கிறது. எலியில் கூடப் பார்க்கவில்லை." கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சரி, அப்போ செவ்வாய்க்கிழமை கீமோவுக்கு நீ கூட வா" என்றார். போனேன்.